சிக்பேட் போகும் நாளில் எங்கே, எதை, எந்த நேரத்தில் சாப்பிடலாம்: 2011 முதல் இன்றுவரை எங்கள் அனுபவம்

கிருஷ்ணகிரியில் நானும் என் அக்காவும் சேர்ந்து தையல் பொருட்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறோம். லைனிங் துணி, ஃபால்ஸ், ஜரிகை, லேஸ், பிளவுஸ் பிட் ஆகியவற்றை வாங்குவதற்காக 2011 முதல் மாதத்துக்கு இரண்டு முறை, பெரும்பாலும் புதன்கிழமைகளில், பெங்களூரு சிக்பேட்டுக்குப் போய் வருகிறோம். சுமார் 90 கிலோமீட்டர் தூரம். காலை ஐந்தரை மணிப் பேருந்தில் ஏறினால் இரவு பத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். அன்றைக்கு மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு என்பதால், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் எங்கள் கடைக்கு வந்து, "அங்கே எங்கேம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம் என்பது இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டது. அந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையில் போய் நின்றால், பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத கடையிலும் அடுப்பிலிருந்து இறங்கியதை அப்படியே தட்டில் வாங்கலாம். வேளை தவறிப் போனால் காலையில் செய்து ஆறிப்போனதுதான் மிஞ்சும்.

காலை ஏழரையிலிருந்து பத்து மணிவரை தர்ஷினிகளின் நேரம். நின்றுகொண்டே சாப்பிடும் சிறிய சைவ ஓட்டல்களை அங்கே பொதுவாகத் தர்ஷினி என்றே சொல்கிறார்கள். 1983இல் ஜெயநகரில் தொடங்கப்பட்ட கஃபே தர்ஷினியிலிருந்து பரவிய முறை இது. வாசலில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும், அதை உள்ளே மேடையில் கொடுத்துத் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், இடுப்புக்கு மேல் உயரமாக இருக்கும் கல்மேசையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நாமே தொட்டியில் போட்டுவிட்டு நகர வேண்டும். தொடக்கத்தில் எனக்கு இது பிடிக்கவில்லை. நம் ஊரில் இலை போட்டு, உட்காரவைத்து, இரண்டாவது முறை சட்னி வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறிப் பழகியவர்களுக்கு, முகம்கூடப் பார்க்காமல் தட்டை நீட்டுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆறு மாதம் போனபின்தான் அதன் பயன் புரிந்தது. உட்கார இடமில்லாததால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஈடு ஈடாக இட்லி வெந்துகொண்டே இருக்கிறது, ஆகவே நம் தட்டுக்கு வருவது எப்போதும் ஆவி பறக்கும் இட்லியாகவே இருக்கிறது. சமையலறை பெரும்பாலும் கண்ணெதிரே இருப்பதால் எண்ணெயின் நிறத்தையும், மாவு எடுக்கும் கையையும், துடைக்கும் துணியையும் நாமே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

தர்ஷினியில் புதிதாகப் போகிறவர்கள் வாங்க வேண்டியது காராபாத்தும் கேசரிபாத்தும். இரண்டும் ரவையில் செய்பவை. காராபாத்தைப் பார்த்து நம் உப்புமாதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். காய்கறியும் மசாலாப் பொடியும் நெய்யும் சேர்ந்து, கரண்டியில் எடுத்தால் குழைந்து விழும் பதத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சௌசௌபாத் என்று பெயர். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று நம் பக்கத்தில் சொல்லும் சௌசௌ காய்க்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. என் அக்கா முதல் முறை அந்தக் காயை நினைத்து வேண்டாமென்று சொல்லிவிட்டார். இன்றோ சிக்பேட் போகும் நாளில் அவர் வேறு எதையும் வாங்குவதில்லை. காராபாத் காலை ஒன்பதரைக்குள் சாப்பிட வேண்டியது. பதினொரு மணிக்கு அது இறுகிவிடும், மேலே நெய்யை ஊற்றினாலும் அந்தப் பதம் திரும்பாது.

சாம்பாரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரிலிருந்து போகும் பத்துப் பேரில் எட்டுப் பேர் குறை சொல்வது இதைத்தான். அங்கே பல ஓட்டல்களில் சாம்பாரில் வெல்லம் சேர்க்கிறார்கள், மிளகாய்க்கு ஹாவேரிப் பக்கத்துப் பியாடகி வகையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மிளகாய் நன்றாகச் சிவந்த நிறம் கொடுக்கும், காரம் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் புளியின் புளிப்போடு வளர்ந்த நாக்குக்கு அது பாயசம் போலத் தோன்றுவது இயற்கையே. நாங்கள் செய்வது, இட்லிக்குச் சட்னி மட்டும் வாங்கிக்கொள்வது. பெரும்பாலான தர்ஷினிகளில் தேங்காயும் பச்சைமிளகாயும் பொட்டுக்கடலையும் அரைத்த சட்னி நீர்க்க, ஆனால் காரமாக, கேட்கும் அளவுக்குக் கிடைக்கும். சங்கரபுரத்தில் 1965 முதல் நடந்துவரும் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, தேநீர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சட்னி ஒன்றை மட்டும் ஊற்றி, இத்தனை காலம் ஒரு கடை நின்றிருக்கிறது என்றால் அந்தச் சட்னியின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். பெங்களூரில் ஒரே ஒரு காலை உணவுதான் என்றால் நான் அங்கேதான் போவேன்.

அக்காவுக்கு 2018 வாக்கில் முட்டிவலி தொடங்கியபின், உட்கார்ந்து சாப்பிடும் இடங்களையும் தேட வேண்டியதாயிற்று. துணி வாங்கும் வேலையின் நடுவே என்றால் பலேபேட்டையில் 1926 முதல் இயங்கும் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண பவன் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே உருளைக்கிழங்கு மசாலுக்குப் பதிலாகக் குருமா போன்ற காய்கறிச் சாகு வைத்துத் தரும் தோசையைக் கேட்டு வாங்க வேண்டும். லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்) 1924இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததே ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. முந்திரி பதித்த அந்த இட்லியை நெய்யும் உருளைக்கிழங்குச் சாகுவும் விட்டுச் சாப்பிடும்போது, பஞ்சத்துக்காகச் செய்த மாற்று என்று நினைக்கவே முடியாது. காந்தி பஜாரில் 1943 முதல் இருக்கும் வித்யார்த்தி பவனின் தோசை வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். பரிமாறுகிறவர் ஒரே கையில் தட்டுகளை அடுக்கடுக்காகத் தூக்கி வருவதைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் சனி, ஞாயிறுகளில் போக வேண்டாம், ஒரு மணி நேரமாவது காத்திருக்க நேரிடும். எம்.டி.ஆருக்குத் திங்களும் வித்யார்த்தி பவனுக்கு வெள்ளியும் விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் புதன்கிழமையைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

காபியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கும் நன்றாகவே இருக்கிறது. இரண்டு பேர் போனால் 'பைடூ' என்று கேட்டு ஒரு காபியை இரண்டு தம்ளராக வாங்கிக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

மதியத்துக்கு எங்கள் பரிந்துரை களிதான். பெங்களூர் வரைக்கும் போய்க் களியா சாப்பிடுவது என்று கேட்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கேழ்வரகு நம் இரு பக்கத்துக்கும் பொதுவான தானியம், ஆனால் செய்யும் விதம் வேறு. நம் வீடுகளில் நொய்யை வேகவைத்து அதில் மாவைப் போட்டுத் துடுப்பால் கிளறுவோம், அதனால் களியை உடைத்தால் உள்ளே சோற்றுப் பருக்கை தெரியும். அங்கே முத்தெ என்று சொல்லும் களி பெரும்பாலும் மாவு மட்டுமே, வழுவழுவென்று பளிங்கு போல உருட்டிவைப்பார்கள், கிள்ளிச் சாற்றில் புரட்டி மெல்லாமல் விழுங்குவார்கள். அதனுடன் பஸ்ஸாறு கிடைத்தால் விடவே கூடாது. கீரையும் பயறும் வேகவைத்த நீரை வடித்து, அந்த நீரிலேயே மசாலா அரைத்துவிட்டுச் சாறாக்கி, வடித்த கீரையைத் தனியே தாளித்துப் பொரியலாக வைப்பார்கள். ஒரு வேகவைப்பில் குழம்பும் தொடுகறியும் ஆகிவிடுகிறது. இதைப் பார்த்துவந்து அக்கா வீட்டில் தண்டுக்கீரையில் செய்தார், இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை நடக்கிறது. முத்தெ பகல் ஒரு மணிக்கு முன்பே கேட்க வேண்டும், இரண்டரைக்கு மேல் அது தோல் கட்டிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, மிலிட்டரி ஓட்டல் என்று அங்கே சொல்லும் அசைவ ஓட்டல்களில் கிடைக்கும் தொன்னை பிரியாணி இருக்கிறது. நம் தொன்னையேதான், பெயரும் அதேதான். சீரகச் சம்பா அரிசியில், கொத்தமல்லியும் புதினாவும் தூக்கலாக, பச்சை நிறம் ஏறிய பிரியாணி அது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் பழகியவர்களுக்கு முதல் கவளம் புதிதாக இருக்கும், மூன்றாவது கவளத்தில் பிடித்துவிடும். பழைய மிலிட்டரி ஓட்டல்களில் காலையிலேயே தொடங்கிப் பகலில் தீர்ந்துவிடுகிறது, ஆகவே வாங்கும் வேலையை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

ஒரு கசப்பான அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2014 மே மாதத்தில், மூன்று மணி வெயிலில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, சாலையோரத் தள்ளுவண்டி ஒன்றில் பானிபூரியும் வெட்டிவைத்த தர்ப்பூசணியும் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வண்டியில் எங்களைத் தவிர ஆள் இல்லை. அன்றிரவு தொடங்கி மூன்று நாட்கள் இருவரும் படுத்த படுக்கையாகிக் கடையைப் பூட்டிவைத்தோம். அதன்பின் பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்துவரை சமைக்காத எதையும் தெருவில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பசித்தால் தோலுரிக்காத வாழைப்பழமும், நம் கண்முன்னே வெட்டித் தரும் இளநீரும் போதும்.

மாலை ஆறு மணிக்கு மேல் வி.வி.புரத்தில் சஜ்ஜன் ராவ் சதுக்கத்தை ஒட்டிய சாப்பாட்டுத் தெரு விழித்துக்கொள்ளும். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் சிக்பேட் வழியாகப் போகும் பகுதி 2017இல் திறக்கப்பட்டபின் இது எங்களுக்கு மிகவும் எளிதாகிவிட்டது. சிக்பேட்டில் ஏறினால் அடுத்தது கே.ஆர். மார்க்கெட், அதற்கடுத்தது நேஷனல் காலேஜ், அங்கே இறங்கி நடந்துவிடலாம். இந்தத் தெருவில் வெறுங்கையோடு முதல் முனையிலிருந்து கடைசிவரை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, எந்தக் கல்லின் முன் கூட்டம் நிற்கிறதோ அங்கே வாங்குவதுதான் எங்கள் வழக்கம். அரிசி மாவில் தட்டும் அக்கி ரொட்டி, கல்லிலேயே வேகும் பருப்பு ஒப்பட்டு, தேங்காய் ஒப்பட்டு ஆகியவை நிச்சயம் சாப்பிட வேண்டியவை. போளி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை நம்மைப் போலவே ஒப்பட்டு என்று அங்கே கேட்டு வாங்கலாம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அங்கேயே 1953 முதல் இருக்கும் வி.பி. பேக்கரியில் காரா பன்னும், காங்கிரஸ் கடலை என்று சொல்லப்படும் மசாலா வேர்க்கடலையும் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம், இரண்டும் பயணத்தில் கெடாது. தட்டை போன்ற நிப்பட்டும் கிடைக்கும், ஆனால் காவேரிப்பட்டினத்து நிப்பட்டைத் தின்று வளர்ந்தவள் என்பதால் அதற்கு நான் பணம் கொடுப்பதில்லை.

ஜனவரி மாதம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அந்த வட்டாரத்தில் அவரைக்காய் மேளா நடக்கும். மாகடிப் பக்கத்திலிருந்து வரும் பனிக்கால அவரையின் மணத்துக்கு அவர்கள் 'சொகடு' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை 'ஹிதகித பேளெ' என்கிறார்கள். பால் அங்கே ஹாலு ஆவதுபோல நம் பிதுக்குப் பருப்புதான் அப்படி ஆகியிருக்கிறது என்பது முதல் கவளத்திலேயே விளங்கிவிடும். அவரை சேர்த்த அக்கி ரொட்டி, அவரைச் சாறு, பொரித்த அவரை என்று ஒரு மாலை முழுவதும் அதையே சாப்பிடலாம். 2016 மேளாவில் அக்கா சாற்றைச் சுவைத்துவிட்டு, "மசாலா கொஞ்சம் அதிகம், நம்ம அம்மா வைக்கிறதில் பருப்பு வாசம் முன்னாடி வரும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியும் இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் சில்க்போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே கிளம்பிவிடுவோம், வி.வி.புரம் எங்களுக்கு வாய்க்காமல் போன மாலைகளே அதிகம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்தபின், நேஷனல் காலேஜில் ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறிப் பொம்மசந்திராவில் இறங்கி, அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரிப் பேருந்தைப் பிடிக்கிறோம். ஏழேகால் மணிக்குக் கல்லிலிருந்து எடுத்த ஒப்பட்டை இலையில் சுற்றிக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டால், பேருந்து அத்திப்பள்ளி தாண்டும்போதும் துணி மூட்டையின் மேல் வைத்த பொட்டலம் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கிறது.