இரும்புச்சத்துக் குளிசை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கோ

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயர் கேட்டு இன்பொக்ஸுக்கு வரவேண்டாம், போட மாட்டேன். டவுனுக்குள் இருக்கும் ஒரு பாமசி, அவ்வளவுதான்.

என் தங்கைக்கு ஹீமோகுளோபின் 8.4. மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போவது அவளுக்கு நெடுநாள் பிரச்சினை. சனல் பண்ணிக் காட்டிய டொக்டர் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, இரும்புக் குறைவுதான் என்று உறுதிப்படுத்திய பிறகு ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்புக் குளிசை 200 மில்லிகிராம் எழுதித் தந்தார். துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன பாமசிப் பெடியன் வேறொரு பெட்டியோடு வந்தான். "அக்கா, அது இப்ப வாறேல்ல. இது வெளிநாட்டுச் சாமான். வயித்தைப் பிரட்டாது, ரத்தம் டக்கெண்டு ஏறும். காலமை பால்தேத்தண்ணியோட குடிச்சாச் சரி."

மாதத்துக்கு 4,200 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு கடதாசித் துண்டில் மொத்தத்தை மட்டும் கிறுக்கித் தந்தான். டொக்டர் எழுதியதை மாற்றுகிறோமே, அவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்போம் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இல்லை.

தங்கை ஒருநாளும் தவறவிடாமல் குடித்தாள். மறுபடி ரத்தம் பார்த்தபோது 8.6. டொக்டர் பெட்டியை வாங்கித் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். இரும்பு: 14 மில்லிகிராம். கூடவே சிங்க், பி12, இன்னும் ஒரு வரிசை விற்றமின்கள், எல்லாம் கிள்ளித் தெளித்த அளவில். சாப்பாட்டுக்கு மேலதிகமாக எடுக்கிற சாமான் இது, ரத்தச்சோகைக்கு மருந்தில்லை என்றார்.

கணக்கு விளங்கினால்தான் இந்த ஏமாற்று விளங்கும். குளிசையின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் 200 என்பது இரும்போடு வேறு பொருள் சேர்ந்த முழுச் சேர்மத்தின் நிறை. உடம்புக்குக் கிடைக்கும் இரும்பு அதற்குள் ஒரு பங்குதான். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராமில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200இலும் அதே அளவுதான். ஃபெரஸ் குளுக்கொனேட் 300 என்றால் 35 அளவில் நின்றுவிடும். எங்களுக்குத் தந்த கப்சூல் ஒன்று 140 ரூபாய். அதில் 65 மில்லிகிராம் எடுக்க ஒரு நாளைக்கு ஐந்து விழுங்க வேண்டும், அதாவது 700 ரூபாய். 'இப்ப வாறேல்ல' என்ற குளிசை அநுராதபுரச் சந்திப் பக்கம் வேறொரு பாமசியில் கேட்ட உடனே கிடைத்தது. ஒரு மாதத்துக்கு 200 ரூபாய்கூட வரவில்லை.

பால்தேத்தண்ணி யோசனையை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தேயிலையும் பாலும் இரண்டுமே இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. எங்கள் வீடுகளில் குளிசை குடிக்கும் நேரமே தேத்தண்ணி நேரம்தான், இதைச் சொல்லித்தர வேண்டியவனே தலைகீழாகச் சொன்னால் என்ன செய்வது? வெறும் வயிற்றில் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ குடித்து, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடச் சொன்னார் டொக்டர். வயிறு பிரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம், உறிஞ்சுவது கொஞ்சம் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தாலும் பலன் உண்டாம். ஒரு குளிசை எடுத்ததும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் கூடி, அடுத்த குளிசையின் இரும்பை உள்ளே விடாமல் மறிக்கிறது, ஒருநாள் விட்டால் அது இறங்கிவிடும். தைரொயிட் குளிசை குடிப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் 4 மணித்தியாலம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரியான மருந்து என்றால் 3, 4 கிழமையில் ஹீமோகுளோபின் 2 அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு பெட்டி வாங்காதீர்கள், ஏன் என்று டொக்டரிடம் கேளுங்கோ. தலசீமியாச் சுவடு (பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறைபாடு) உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இல்லை. ஃபெரிட்டின் பார்க்காமல் "ரத்தம் ஏற" என்று கடையில் கேட்டு வாங்குவது அதனால்தான் ஆபத்து. அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப 3 மாதம் தொடர வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் குளிசையைப் பூட்டி வையுங்கோ, மிட்டாய் என்று நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிகள் எந்தப் பெட்டிக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இரும்பு, ஃபோலிக் அசிட், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள்.

மிச்சக் குளிசை அட்டைகளோடு முதல் பாமசிக்குத் திரும்பிப் போய்க் காசைக் கேட்டேன். "உடைச்ச பெட்டியை எடுக்கேலாது அக்கா. நீங்கள் விரும்பித்தானே வாங்கினீங்கள்?" என்றார் முதலாளி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுத்து முறையிடலாம். ஆனால் கையில் இருப்பது பெயருமில்லாத திகதியுமில்லாத ஒரு கடதாசித் துண்டு. நீங்கள் வாங்கும்போது மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை மூன்றும் எழுதிய பில் தராமல் காசை நீட்டாதீர்கள்.