டெஸ்ட் முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்

கோதுமை உள்ளே போனால் குடல் கெட்டுப்போகும் சீலியாக் என்ற நோய் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டால், வீட்டுக்கு வந்ததும் நம் கை தானாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு: சப்பாத்தியை நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள். ரத்தம் கொடுத்து முடியட்டும், தேவைப்பட்டால் குடலில் சதை எடுத்துப் பார்த்து முடியட்டும், அப்புறம் நிறுத்தலாம். இது தெரியாமல் எங்களுக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஏறக்குறைய ஒரு வருஷமும் போனது. பணம் போய்த் தொலையட்டும். பெற்ற பிள்ளையை இரண்டு மாதம் தெரிந்தே வயிற்றுவலியில் வைத்திருந்தேன், அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். கணவர் வேலைக்காக டெல்லிக்கு வந்து பதினொரு வருஷமாகிறது, மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் பிறந்ததே இங்கேதான். காலையில் ஆலு பராட்டா, பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்தி ரோல், ராத்திரி மறுபடியும் சப்பாத்தி என்று வளர்ந்த பிள்ளை. சோறு என்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். ஒன்றாம் வகுப்புக்குத் தைத்த யூனிஃபார்ம் பாவாடையில், வளருவாள் என்று கீழே நான்கு விரல் மடித்துத் தைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்தும் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டி வரவில்லை. சாயங்காலமானால் வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். அடிக்கடி வாய்ப்புண். ஹீமோகுளோபின் 8.4. நான்கு மாதம் இரும்புச்சத்து சிரப் குடித்தும் ஒன்பதைத் தாண்டவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மட்டும் தேறிவிடுவாள். இட்லி, தோசை, சோறு, சொதி என்று ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வரும்போது கன்னத்தில் சதை வைத்திருக்கும். "எல்லாம் குற்றாலத்துத் தண்ணி பண்ற வேலை" என்பார் என் மாமியார். நாங்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

குழந்தை டாக்டர் நல்லவர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சீலியாக்கா என்று பார்க்க, சீட்டில் இரண்டே இரண்டு ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்: டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ. "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சாப்பாட்டுல எதையும் மாத்த வேண்டாம்" என்றும் சொன்னார். ஏன் என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் வினை. சேம்பிள் எடுக்கும் சென்டரோடு சேர்ந்தே ஒரு 'உணவு ஒவ்வாமை' கிளினிக்கும் அங்கே இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், இது ரெண்டும் சேர்ந்து ரெண்டாயிரத்துச் சொச்சம்தான், ஆனா கோதுமைக்கு மட்டும்தான் பார்க்கும். ஃபுல் பேனல் எடுத்தா இருநூறுக்கும் மேல உணவு வந்துடும், கோதுமையும் அதுலயே அடக்கம், டயட்டீஷியன் ஆலோசனை இலவசம்" என்று இந்தியில் மளமளவென்று சொல்லி ஒரு வழவழ நோட்டீஸை நீட்டினான். நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். பிள்ளைக்கு ஊசி ஒரு தடவையோடு போகட்டுமே. டாக்டர் எழுதியதை விட்டுவிட்டு பேனலுக்குப் பணம் கட்டினேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி கனமான தாள், பதினான்கு பக்கம், சிவப்பு மஞ்சள் பச்சை என்று பட்டை பட்டையாக. சிவப்பில் கோதுமை, பால், தயிர், பாசிப்பருப்பு, தக்காளி, வாழைப்பழம். பச்சையில் நண்டு, வான்கோழி, சால்மன் மீன், அவகாடோ. நாங்கள் சுத்த சைவம்! என் மளிகைச் சீட்டை எடுத்துச் சிவப்பு மை தடவியது போல இருந்தது அந்தப் பட்டியல். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பின்னால் வயிற்று டாக்டர் ஒருவர் விளக்கித்தான் புரிந்தது. அந்தப் பேனல் பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. எந்த உணவை நாம் வழக்கமாகச் சாப்பிடுகிறோமோ அதற்கு உடம்பு ஐஜிஜி வைத்திருப்பது சாதாரணம். ஆகவே தினமும் சாப்பிடுவது சிவப்பில் வரும், வாயிலேயே படாதது பச்சையில் வரும். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்ட இதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பா, அமெரிக்கா, கனடா மூன்றிலும் ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் எப்போதோ சொல்லிவிட்டன. டிடிஜி வேறு சங்கதி. சீலியாக்கில் கோதுமை, பார்லி, ரை இவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பு தன் குடலிலேயே இருக்கும் டிடிஜி என்ற ஒரு நொதியை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அந்த நொதிதான் இலக்கு என்று 1997-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதற்கு எதிராக உருவாகும் ஐஜிஏ என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் டிடிஜி ஐஜிஏ. கூடவே மொத்த ஐஜிஏ எதற்கு என்றால், சிலருக்கு உடம்பில் ஐஜிஏ-வே போதுமான அளவு ஊறாது. சீலியாக் உள்ளவர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எடுத்தால் நோய் இருந்தும் நார்மல் என்று வந்து ஏமாற்றும்.

இலவச டயட்டீஷியன் சிவப்பில் உள்ளதை எல்லாம் ஆறு மாதம் நிறுத்தச் சொன்னார். இரண்டு டப்பா பவுடர், ஒரு கேப்ஸ்யூல், அவர்கள் பிராண்டிலேயே குளூட்டன் இல்லாத மாவு எல்லாம் பில்லில் தனியாக ஏறின. ரத்தம் போதாத, எடை ஏறாத குழந்தைக்குப் பாலையும் பருப்பையும் நிறுத்தினேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

ஆனால் அவள் தேறினாள்! ஒரு மாதத்தில் உப்பல் போயிற்று, வாய்ப்புண் ஆறியது. பார்ப்பவர்களிடம் எல்லாம் அந்தக் கிளினிக்கைப் புகழ்ந்தேன், பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பியும் வைத்தேன். கல்லை விட்டெறிந்த இடத்தில் தற்செயலாக மாங்காய் விழுந்திருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று. நிறுத்திய ஆறேழு பொருளில் கோதுமையும் ஒன்று, அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்ததும் டயட்டீஷியன், "குடல் ஆறிடுச்சு, இனிமே வாரம் ரெண்டு நாள் கோதுமை கொடுக்கலாம், மறுபடி ஒரு பேனல் எடுத்துப் பார்ப்போம்" என்றார். எனக்கு ஏதோ இடறியது. பழைய குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வயிற்று டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

முதலில் எழுதியிருந்த அந்த டிடிஜி-யை ஏழு மாதம் கழித்து எடுத்தோம். நார்மல். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், வயிற்று டாக்டருக்கு மட்டும் இல்லை. கோதுமை போகாவிட்டால் அந்த எதிர்ப்புப் புரதம் சில மாதங்களில் வடிந்துவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும். இப்போது நார்மல் என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தம் இல்லை, இருக்கிறது என்றும் இல்லை. கோதுமையை நிறுத்தியிருந்தாலும் மாறாத டெஸ்ட் ஒன்று இருக்கிறதென்று எச்எல்ஏ மரபணுவைப் பார்த்தார். அதில் டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு வகையுமே இல்லையென்றால் சீலியாக்கை ஏறக்குறைய மறந்துவிடலாம். இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. மகளுக்கு டிக்யூ2 இருந்தது.

ஊரில் சித்தப்பா ஃபோனில், "அது பஞ்சாபிக்காரனுக்கு வர்ற வியாதில்லா, நமக்கு எங்க வரும்" என்றார். பாதி சரி. 2016-இல் வெளிவந்த ஆய்வில், வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இந்த எதிர்ப்புப் புரதம் இருந்தது, தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. என் மகள் ரத்தத்தில் தென்காசி, தட்டில் டெல்லி.

வேறு வழியில்லாமல் கோதுமையைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஐந்து வயதுக்குக் கீழும், பருவம் வந்து மளமளவென்று வளரும் காலத்திலும் இதைத் தவிர்ப்பார்களாம், இவளுக்கு அப்போது எட்டு. தினமும் இரண்டு மூன்று ஸ்லைஸ் ரொட்டி அல்லது அந்த அளவுக்குச் சப்பாத்தி, எட்டு வாரம். தாங்க முடியாவிட்டால் முன்னதாகவே வரச் சொன்னார்.

முதல் நாள் பூரி போட்டேன். "நிஜமாவே சாப்பிடலாமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு நான்கு சாப்பிட்டாள். மூன்றாவது வாரம் அவள் புத்தகப் பையைத் துவைக்க எடுத்தபோது ஜியாமெட்ரி பாக்ஸுக்குக் கீழே காய்ந்துபோன ரொட்டித் துண்டுகள், நான்கோ ஐந்தோ, டிஷ்யூ தாளில் சுற்றி வைத்திருந்தன. திட்டினேன். "நீ சாப்பிட்டாத்தான் டெஸ்ட் சரியா வரும்" என்று சொல்லி எதிரே உட்கார்ந்து ஊட்டினேன். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்மேலேயே சாய்ந்து தூங்கினாள்.

எட்டாவது வாரம் எடுத்த டிடிஜி, மேல் வரம்பைப் போல ஐந்து மடங்கு. மொத்த ஐஜிஏ சரியாக இருந்தது. 2020-இல் ஐரோப்பியக் குழந்தை வயிற்று மருத்துவர்கள் வகுத்த முறைப்படி, டிடிஜி பத்து மடங்கைத் தொட்டு, தனியாக எடுத்த இன்னொரு ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற டெஸ்டும் பாசிட்டிவ் ஆனால் குழந்தைக்கு எண்டோஸ்கோபி இல்லாமலேயே முடிவு சொல்லலாம். எங்களுக்கு ஐந்துதான், ஆகவே மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி. டாக்டர் சீட்டில் எழுதிய முதல் நாளே எடுத்திருந்தால் பத்தைத் தாண்டியிருக்குமா? தாண்டியிருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது.

சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு, அதைத் தாண்டி நான்கு துண்டு எடுத்தார்கள். நோய் குடலில் திட்டுத் திட்டாக இருக்குமாம், ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்தினால் தப்பிவிடும். எத்தனை துண்டு எடுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரிப்போர்ட்டில் மார்ஷ் 3ஏ என்று வந்தது. குடல் சுவரில் சாப்பாட்டை உறிஞ்சும் விரல் போன்ற மொட்டுகள் பகுதியளவு தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சீலியாக்தான். வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம் என்ற பேச்சே கிடையாது, ஆயுள் முழுக்கக் கோதுமை ஆகாது.

பாலும் பருப்பும் தக்காளியும் அன்றைக்கே திரும்ப வந்தன. போனது கோதுமை, ரவை, மைதா, சேமியா, மால்ட் பானம், அப்புறம் நான் கனவிலும் நினைக்காத பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ராகியையும் கோதுமை அரைக்கும் மில்லில் கொடுப்பதில்லை, வீட்டு மிக்ஸிதான்.

கிளினிக்குக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். மேனேஜர் பதினான்காம் பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். 'இந்தப் பரிசோதனை நோயைக் கண்டறிவதற்கானது அல்ல' என்று எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. அடுத்த பேனலுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நல்லவேளை, அவர் இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை.

கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் போன மாதம் ஐந்து வயது மகனுக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். வேறு சென்டர், அங்கேயும் ஒரு வழவழ நோட்டீஸ். சீட்டில் எழுதியது மட்டும் போதும் என்றேன். பில்லைப் பார்த்தால் டிடிஜி மட்டும் இருக்கிறது, மொத்த ஐஜிஏ-வைக் காணோம். "அது எதுக்கு மேடம், தேவைப்படாது" என்றான் பையன். அதையும் சேர்த்து அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் மகனின் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.