பழைய ஸ்டீல் ஃப்ரேமா, அலுமினியம் ஃப்ரேமா?

பழைய சாமான் வாங்கி விக்கிற கேரோசல் ஆப்ல ரெண்டுமே கெடைக்குது, ஆனா கைக்கு வந்த பார்ட்ஸ வச்சு வீட்லயே சைக்கிள் கட்டணும்னா என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான். 80கள்ல வந்த ரோட் ஃப்ரேம்ல பின்சக்கரம் உக்கார்ற இடைவெளி பெரும்பாலும் 126 மிமீ, அதுல 130 மிமீ ஹப்ப (சக்கரத்தோட நடுப்பகுதி) ஃப்ரேம லேசா விரிச்சே உள்ள தள்ளிடலாம், அலுமினியத்துல அந்த வேலையே வேணாம்ங்க, வெடிப்பு விட்டுரும். ஆனா நம்ம சிங்கப்பூர் ஈரக்காத்துல, அதுவும் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டுனா, ஸ்டீல் உள்ளுக்குள்ளயே துரு புடிக்கும், அதுல அலுமினிய சீட்போஸ்ட்ட (சீட்டத் தாங்குற குழாய்) கிரீஸ் தடவாம சொருகிட்டா அப்புறம் அத உருவ மல்லுக்கட்டணும் (ப்ளாக் காரிடாரே அதிரும்). அலுமினியம் ஃப்ரேம்ல துருத் தொல்லை இல்ல, பொதுவா வெயிட்டும் கம்மி, மேம்பாலப் படியில தூக்கிட்டு ஏறலாம். எதக் கட்டுனாலும் கைப்பிரேக் ஒண்ணாவது மாட்டிடுங்க, 2021 செப்டம்பர்லேர்ந்து பொதுப்பாதையில ஓட்ட அது சட்டம்.