கேப் காட் கால்வாய்க் கரையில்: பாப்பரா, ஜிக்கா?

இந்த ஆண்டு என் பையில் முக்கால்வாசி ஜிக்தான், அதாவது எடையோடு அடிவரை மூழ்கும் போலி இரை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் கேப் காட் கால்வாயில் கரையில் நின்று ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மீன் மேலே வந்து, நீர்மட்டத்தில் மிதக்கும் போலி இரையான பாப்பரை அடிக்கும்போது நீர் தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது. நியாயம்தான்.

பாப்பர் தூரம் போகும், பாறையில் சிக்காது. விடியற்காலையில், நீரோட்டம் திரும்பும் சமயத்தில், கானாங்கெளுத்திக் கூட்டம் மேலே வந்துவிட்டால் பாப்பரை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரம் கொஞ்சம்தான். கால்வாயின் கிழக்கு முனையில் கடல்நீரின் ஏற்றவற்றம் சுமார் 9 அடி, மேற்கு முனையில் சுமார் 4 அடி. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதும் இல்லை. அதனால் நீர் பெரும்பாலான நேரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது மீன் முப்பதடிக்குக் கீழே பாறை மறைவில் ஒதுங்கிவிடும். பாப்பர் அதன் தலைக்கு மேலே சும்மா போய்க்கொண்டிருக்கும்.

ஜிக்கை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் எறிந்து மூழ்க விட வேண்டும். நமக்கு நேரே வரும்போது அடியில் ஒரு தட்டு தட்டும். உடனே தூண்டில் கோலை லேசாகத் தூக்கணும். தாமதித்தால் ஜிக் பாறைக்குச் சொந்தம். ஓட்டம் கூடக்கூட எடையும் கூட வேண்டும். முழு வேகத்தில் 4 அவுன்ஸ்கூடப் போதாமல் போகும். ஜிக் தொலையும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு நல்ல பாப்பரின் விலைக்கு இரண்டு மூன்று ஜிக் வாங்கிவிடலாம்.

என் முடிவுக்குக் காரணம் இதெல்லாம் இல்லை, கொக்கி. மாசசூசெட்ஸில் 2023இலிருந்து 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31 அங்குலத்துக்குள் இருக்கும் மீனை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்று. அதாவது பிடிப்பதில் பெரும்பாலானவற்றைத் திருப்பி விட்டாக வேண்டும். விட்டவற்றில் 9 சதவீதம் பிறகு செத்துவிடும் என்று வைத்துத்தான் மீன்வள நிர்வாகமே கணக்குப் போடுகிறது. கடையில் வாங்கும் பாப்பரில் பெரும்பாலும் மும்முனைக் கொக்கிகள் இரண்டு இருக்கும். பாசி வழுக்கும் கற்களில் குந்திக்கொண்டு, துள்ளும் மீனின் வாயிலிருந்து ஒன்றைக் கழற்றும்போது மற்றது செவுளில் ஏறும், இல்லையென்றால் நம் விரலில். பெரிய கப்பல் கடந்து அதன் அலை கற்களில் ஏறினால் கேட்கவே வேண்டாம். ஜிக்கில் ஒரே கொக்கி. கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் ஒரு திருப்பில் கழன்றுவிடும், மீனைக் கல்லில் கிடத்தவே வேண்டாம்.

பாப்பரிலும் ஒற்றைக் கொக்கி மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம். வாலில் மாட்டிப் பார்த்தேன், ஆட்டம் கொஞ்சம் மாறின மாதிரி இருந்தது. அது என் கைப்பழக்கமாகவும் இருக்கலாம். இரவில் நான் அதிகம் போட்டதில்லை, மேற்கு முனையிலும் அனுபவம் குறைவு. அங்கே ஜிக்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விடியலுக்கென்று ஒரே ஒரு பாப்பர் மட்டும் பையில் இருக்கிறது, முன்கொக்கியைக் கழற்றிவிட்டு.