கழுத்து டிஸ்டோனியாவுக்கு போடாக்ஸ்: சில வருட அனுபவம்

முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே போடாக்ஸ்தான். என் தலை தானாக இடப்பக்கம் திரும்பி நிற்கும். அதற்காகச் சில வருடங்களாக மதுரைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்கிறேன். ஊர் திருமங்கலம், வேலை கணக்கு எழுதுவது. பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருவேன், பக்கத்தில் இருப்பவரை முறைப்பது போல இருக்கக் கூடாதே என்று.

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவுனா சரியாப் போயிரும்" என்றார் மதினி. நீவ நீவ வலிதான் கூடியது. தாடையில் ஒரு விரல் வைத்தால் தலை சற்று நேரம் நேராகும். அதைப் பார்த்ததும் நரம்பியல் டாக்டர் இது டிஸ்டோனியா, அதாவது மூளை தப்பான கட்டளை அனுப்புவதால் தசை தானாக இறுகி இழுக்கும் நோய் என்றார்.

இடப்பக்கம் திருப்புவது இடது பிடரித் தசையும், வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையும். ஈஎம்ஜி ஊசியைச் செருகினால் தசையின் மின் ஓட்டம் ஸ்பீக்கரில் கேட்கும். நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பிடரியில் தகரக் கூரை மேல் மழை போலச் சடசடவென்று சத்தம். அங்கேதான் மருந்து இறங்கியது.

உடனே எதையும் எதிர்பார்க்காதீர்கள். சில நாள் கழித்துத்தான் இளகத் தொடங்கும், ஒரு மாதத்தை ஒட்டி நன்றாக அடங்கும், மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் நரம்பு நுனியிலிருந்து வெளியே வராமல் மருந்து தடுக்கிறது. போகப் போக நரம்பு பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். மூளை அனுப்பும் தப்பான கட்டளை மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தக் கட்டளை வேறு தசையைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அனுபவத்தில்தான் பார்த்தேன். தலை திரும்புவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் இடது தோள் மேலே ஏறி, தலை அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. மறுபடி ஈஎம்ஜி வைத்தபோது பிடரி அமைதி, தோள்பட்டையைத் தூக்கும் தசையில் ஒரே சத்தம். இடையில் வேறோர் ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைப் பார்த்து, கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பழைய இடங்களிலேயே குத்தினார்கள். அந்த மூன்று மாதமும் பணமும் வீண். ஒவ்வொரு முறையும் எந்தத் தசை துடிக்கிறது என்று புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பக்க விளைவு என்றால் எனக்கு விழுங்குவதுதான். ஒருமுறை முன்கழுத்துத் தசைக்கு டோஸ் கூடிவிட்டது போல, பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டாலும் தொண்டையில் இறங்கவில்லை. குழைந்த சோறும் ரசமுமாகச் சில வாரம் ஓடியது. அடுத்த தடவை அந்த இடத்தில் டோஸைக் குறைத்தார்கள், சரியானது. மூச்சுக்குச் சிரமம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்தை வெளியில் வாங்கிக்கொண்டு போனால் ஐஸ் பெட்டி கட்டாயம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். போடாக்ஸிலிருந்து அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டுக்கு மாறினால் யூனிட் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது, இரண்டும் வேறு வேறு அளவு. வலி திரும்பியதும் மூன்று மாதத்துக்கு முன்பே போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள், அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்கி மருந்தே கேட்காமல் போகலாம். அடுத்த ஊசிக்கு முந்தைய கடைசி இரண்டு வாரத்தில் கழுத்து எப்படி இழுக்கிறது என்று செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். போன தடவை என் டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஊசி போடும் இடத்தை மாற்றினார்.