"கன்ஸ்ட்ரக்டர்லயே ஓனர் போட்டாச்சு சார்": இதைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நண்பர்கள் சேர்ந்து எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒரு பொது நிதி வைக்க ஸ்மார்ட் காண்ட்ராக்ட் (செயினில் தானாக ஓடும் நிரல்) எழுத ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் ஓடுகிறது. ஆடிட்டும் (நிரலின் பாதுகாப்புச் சோதனை) ஆச்சு என்று சொல்லி அதற்கும் சேர்த்து பில் போட்டார்கள். கொடுத்தோம், எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரையும் போட்டோம். கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத ஒரு முகவரி ஓனராகி, இருந்ததை வழித்துக்கொண்டு போய்விட்டது.

கேட்டதற்கு வந்த பதில்தான் தலைப்பில் இருப்பது.

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கொடுத்தது ப்ராக்ஸி வழியாக இயங்கும் காண்ட்ராக்ட்: பணமும் தரவும் ப்ராக்ஸி என்ற ஒரு காண்ட்ராக்டில், நிரல் மட்டும் லாஜிக் காண்ட்ராக்ட் என்ற இன்னொன்றில். கன்ஸ்ட்ரக்டர் என்ற தொடக்க ஃபங்ஷன், காண்ட்ராக்டைச் செயினில் ஏற்றும்போது ஒரே ஒரு முறை ஓடும். அதன்பின் அங்கே தங்கும் பைட்கோடில் (நிரலின் இயந்திர வடிவம்) அது இருக்காது. ஓடும்போது எழுதுவதும் தன் காண்ட்ராக்டின், அதாவது லாஜிக் காண்ட்ராக்டின், தரவு தங்கும் ஸ்டோரேஜில்தான். பணம் கிடப்பதோ ப்ராக்ஸியில். அங்கே ஓனர் இடத்தில் வெறும் பூஜ்ஜியம். கடைக்கு வாங்கிய பூட்டை வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ப்ராக்ஸிக்கு ஓனரை வைக்கத்தான் இனிஷியலைஸ் என்று தனி ஃபங்ஷன். இவர்கள் எழுதியதில் அதை முதலில் கூப்பிடுகிறவர் யாரோ அவரே ஓனர். எழுதிவிட்டு, கூப்பிடாமலே விட்டிருக்கிறார்கள்!

இது புதுக் கதையும் இல்லை. 2016இல் ரூபிக்ஸி என்ற காண்ட்ராக்ட்: இவற்றை எழுதும் நிரல்மொழியான அன்றைய சாலிடிட்டியில் காண்ட்ராக்டின் பெயரேதான் கன்ஸ்ட்ரக்டருக்கும். டைனமிக்பிரமிட் என்ற பெயரை ரூபிக்ஸி என்று மாற்றியவர்கள் உள்ளே கன்ஸ்ட்ரக்டரின் பெயரை மாற்றவில்லை. அது யாரும் கூப்பிடக்கூடிய சாதாரண ஃபங்ஷனாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் ஓனர் ஆகலாம் என்றாகிவிட்டது. கன்ஸ்ட்ரக்டர் என்ற தனிச்சொல் 2018இல், சாலிடிட்டியின் 0.4.22 பதிப்பில்தான் வந்தது. நடுவில், 2017 நவம்பரில், பாரிட்டி வாலட் லைப்ரரியை (பல வாலட்டுகள் பகிர்ந்து பயன்படுத்திய பொதுக் காண்ட்ராக்ட்) இனிஷியலைஸ் செய்யாமல் விட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ஓனராகி அதையே அழித்துவிட, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் முடங்கியது. இதெல்லாம் தெரியாதவர்கள் ஆடிட்டுக்குக் காசு கேட்கிறார்கள். அந்த ஆடிட்டும் ஒரு பக்க பிடிஎஃப். கம்பைலர் (நிரலை இயந்திர வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எச்சரிக்கை எதுவும் இல்லையாம்.

கடைசித் தவணைக்கு முன், எத்தீரியப் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் ப்ராக்ஸி முகவரியைத் திறந்து, அங்கே ஓனர் யார் என்று பாருங்கள். லாஜிக் காண்ட்ராக்டின் முகவரியைக் காட்டி ஏமாற்றுவார்கள், அது வேறு. இனிஷியலைஸ் அழைப்பு, ப்ராக்ஸியை ஏற்றும் அதே பரிவர்த்தனையில் நடந்திருக்க வேண்டும். பிறகு தனியாக அனுப்பினால் இடையில் வேறொருவர் முந்திக்கொள்ளலாம். லாஜிக் காண்ட்ராக்டின் கன்ஸ்ட்ரக்டரில் இனிஷியலைஸ் ஃபங்ஷனைப் பூட்டும் வரி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எங்களுக்குப் பாதியாவது திருப்பித் தருகிறோம் என்றவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை.