ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங்: பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் கையில் இருப்பவை

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் ரைட்டிங் (எழுத்து) பிரிவுக்கென்று நான் சேர்த்தவை கொஞ்சநஞ்சமல்ல. கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகங்கள், மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு, இலக்கணம் திருத்தும் செயலி, அப்புறம் எந்த விடைக்கு எந்த பேண்ட் (மதிப்பெண் நிலை) என்று சொல்லும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் மதிப்பீட்டு அட்டவணை. பல மாதங்கள் கழித்தும் நான் தினமும் திறப்பது அந்த இலவச அட்டவணையைத்தான்.

கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று அதில் நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம மதிப்பு. பெரும்பாலானோர் கடைசி இரண்டிலேயே நேரத்தைக் கொட்டுகிறார்கள். மதிப்பெண் கசிவதோ முதலாவதில். 'பல்கலைக்கழகக் கல்வி எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்?' என்று கேட்டால், நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி எழுதிவிட்டு, கடைசி வரியில் 'நான் உடன்படுகிறேன்' என்று முடிப்பார்கள். ஆங்கிலம் நன்றாகவே இருக்கும். ஆனால் கேட்டது நம் நிலைப்பாட்டை; அது முதல் பத்தியிலேயே தெரிந்து கடைசிவரை நிற்க வேண்டும். இதற்காக நான் முழுக் கட்டுரை எழுதாத நாட்களில்கூட ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் எழுதிப் பார்ப்பேன். அந்த வரிகளை வரிசையாகப் படித்தாலே என் கருத்து விளங்க வேண்டும். விளங்காவிட்டால் திட்டம் சரியில்லை.

அகாடமிக் (உயர்கல்விக்கான) தேர்வில் டாஸ்க் 1 என்பது வரைபடம் போன்றவற்றை விவரிக்கும் கேள்வி; அதற்கு உயிர்நாடி ஓவர்வியூ, அதாவது மொத்தச் சுருக்கம். மின் உற்பத்தி வரைபடம் வந்தால், 'நிலக்கரியின் பங்கு குறைந்தது, காற்றாலையின் பங்கு ஏறியது' என்ற பெரிய போக்கை ஓரிரு வரியில் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் எண்களை அடுக்கிக்கொண்டே போவதை அட்டவணை 5-ஆம் பேண்டில்தான் வைக்கிறது.

மாதிரிக் கட்டுரைத் தொகுப்பை ஓரங்கட்டிவிட்டேன். படிக்கச் சுகம், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. மனப்பாட வாக்கியங்களைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்தும் விடுவார்கள். கேம்பிரிட்ஜ் புத்தகங்களின் பின்பக்கத்தில் தேர்வு எழுதியவர்களின் விடைகளும் அவற்றுக்குத் தேர்வாளர் குறிப்புகளும் இருக்கின்றன. குறைந்த பேண்ட் வாங்கிய விடைகள்தான் நல்ல தீனி.

செயலி விஷயம் கலவையானது. ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' நமக்கு அடிக்கடி விட்டுப்போகும். அதைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் எழுதும்போதே திருத்த விட்டால் கை சோம்பேறியாகிவிடும். கணினித் தேர்வில் எழுத்துப்பிழை திருத்தி கிடையாது. அதனால் வெறும் நோட்பேடில் எழுதி முடித்த பிறகே செயலியில் ஒட்டுகிறேன். பேண்ட் போட்டுத் தரும் ஏஐ கருவிகளை மதிப்பெண்ணுக்காக நம்புவதில்லை. ஒரே கட்டுரையை மறுபடி கொடுத்தால் வேறு எண் வருகிறது. குறைகளைச் சுட்டிக்காட்டச் சொன்னால் ஓரளவு உருப்படி.

மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 150 சொல், கட்டுரை கேட்கும் டாஸ்க் 2-க்கு 250 சொல் குறைந்தபட்சம். டாஸ்க் 2-க்கு இரட்டிப்பு மதிப்பு என்பதால் அதைத்தான் முதலில் எழுதுகிறேன், 40 நிமிடத்துக்குள். கணினியில் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். காகிதத்தில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வரும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அங்கே உட்கார்ந்து எண்ண நேரம் இருக்காது.